கோய் குளத்துக்கு எந்த ஃபில்டர்? தருமபுரித் தண்ணீரையும் வெயிலையும் மின்தடையையும் வைத்து ஓர் ஒப்பீடு

காவேரிப்பட்டணத்தில் புது வீடு கட்டிக் குடிபோன என் மனைவியின் தம்பி, கொல்லைப்புறத்தில் பத்தடி நீளம், ஆறடி அகலம், நான்கடி ஆழத்துக்கு ஒரு சிமென்ட் தொட்டியையும் கட்டி முடித்துவிட்டு, “மாமா, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகலாமா?” என்று கேட்டார். மீனுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஃபில்டர் என்றேன். எந்த ஃபில்டர் என்று கேட்டார். கடையில் ஒருவர் ஒன்றைக் காட்டியிருந்தார், தெரிந்தவர் ஒருவர் வேறொன்றைச் சொல்லியிருந்தார், கைப்பேசியில் பார்த்த காணொளிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் இழுத்திருந்தன. அவருக்கு விளக்கிச் சொன்னதையும், தருமபுரியில் என் வீட்டுக் குளத்தில் ஆறு ஆண்டுகளாக நான் கற்றுக்கொண்டதையும் சேர்த்து, முதன்முதலாகக் கோய் என்னும் வண்ணக் கெண்டை மீனை வளர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ஒரு ஃபில்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, அது மின்சாரம் இருக்கும்போது எப்படி ஓடுகிறது என்பதைவிட, மின்சாரம் நின்ற ஆறு மணி நேரத்தில் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும். அந்த அளவுகோலை வைத்தால், வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பவருக்கு இரண்டு டிரம்களைக் கொண்ட ஃபில்டரும், இல்லாதவருக்கு ஒரு டிரம்மும், தண்ணீரை மேலிருந்து தெளித்து வடியவிடும் ஒரு ஷவர் அடுக்கும் சரியாக வரும். பெட்டிக்குள் அடைத்து விற்கும் மற்ற இரண்டு வகைகளையும் (நீரில் மூழ்கும் பெட்டி, பிரஷர் ஃபில்டர்) தொடக்கக்காரர் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கோய் என்பது கிருஷ்ணகிரி அணையில் வலைபோட்டுப் பிடிக்கும் சாதாக்கெண்டையின் நிறமுள்ள உறவு. ஜப்பானின் நீகாட்டா மலைப்பகுதி விவசாயிகள் உணவுக்காக வளர்த்த கெண்டைகளில், நிறம் மாறிப் பிறந்தவற்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பொறுக்கியெடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்து உருவாக்கிய மீன் அது. 1914இல் டோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகுதான் ஜப்பானிலேயே அது பரவலாக அறியப்பட்டது. நிறம்தான் புதிது, குணம் கெண்டையுடையது. கெண்டைக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போவதால், நாள் முழுதும் தரையைக் கிளறி மேய்ந்துகொண்டும் கழித்துக்கொண்டும் இருக்கும். மூன்று அங்குலக் குட்டியாக வாங்குவது நல்ல குளத்தில் இரண்டடி வரை வளரும், பராமரிப்பு சரியாக இருந்தால் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கண்ணாடித் தொட்டியில் தங்கமீன் வளர்த்த அனுபவத்தை வைத்து இதற்கு ஃபில்டர் வாங்கினால் போதாமல் போவது அதனால்தான்.

எவ்வளவு கழிவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மைத்துனரின் தொட்டி 240 கன அடி, அதாவது சுமார் 6,800 லிட்டர். வளர்ந்த கோய் ஒன்றுக்கு ஆயிரம் லிட்டர் என்று வைத்தால் ஆறு மீன், அதற்கு மேல் வேண்டாம். அந்த ஆறு மீனுக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 50 கிராம் தீவனம் என்று வைத்துக்கொள்வோம். 35 சதவீதம் புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ தின்றால் ஏறத்தாழ 30 கிராம் அம்மோனியா வெளியேறும், ஆகவே 50 கிராமுக்கு ஒன்றரை கிராம். இது 6,800 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டும். பார்க்கச் சிறிய எண். ஆனால் அம்மோனியாவின் நஞ்சு, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவையும் வெப்பத்தையும் பொறுத்தது. பி.எச். 7 ஆக இருந்தால், 30 டிகிரி வெப்பத்தில் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் மீனைத் தாக்கும் வடிவில் இருக்கும். அதே வெப்பத்தில் பி.எச். 8 ஆனால் 7 முதல் 8 சதவீதம், 8.5 ஆனால் 20 சதவீதம். நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் காரமும் மிகுந்த கடின நீர். கோடையில் நிழல் இல்லாத தொட்டி 30 டிகிரியை எளிதில் தாண்டும். குளிர்ந்த நாட்டில் எழுதிய அட்டவணையில் “பரவாயில்லை” என்று இருக்கும் அளவு, தருமபுரித் தொட்டியில் சித்திரை மாத நண்பகலில் செவுளைப் புண்ணாக்கும் அளவாக இருக்கலாம். மைத்துனரின் தொட்டியில் ஒரே ஒரு நாள் தீவனத்தின் அம்மோனியா வெளியேறாமல் நின்றால்கூட, அது ஏறத்தாழ எச்சரிக்கைக் கோட்டைத் தொட்டுவிடுகிறது.

இந்த அம்மோனியாவின் பெரும்பகுதி மலத்தோடு வருவதில்லை, மீனின் செவுள் வழியாகக் கரைந்த நிலையிலேயே வெளியேறுகிறது. அதை எந்தத் துணியும் ஸ்பாஞ்சும் வடிகட்டிப் பிடிக்க முடியாது. நுண்ணுயிர்கள்தான் அதைத் தின்று முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆகவே ஃபில்டர் என்று நாம் சொல்வது இரண்டு வேலைகளைக் குறிக்கிறது: கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நிறுத்தி வெளியேற்றுவது ஒன்று, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு ஒட்டிக்கொள்ளப் பரப்பும் மூச்சுவிட ஆக்சிஜனும் கொடுப்பது மற்றொன்று. தெளிந்த தண்ணீரில் மீன் சாவதைப் பார்த்துத் திகைத்தவர்கள், முதல் வேலையை மட்டும் செய்யும் கருவியை வாங்கியவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள்.

நம் தண்ணீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் பயன்பாட்டுக்கும் வந்தது. எனவே இன்று பல வீடுகளில் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. போர் தண்ணீரில் குளோரின் கிடையாது, ஆனால் ஆழத்திலிருந்து வருவதால் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதை உயரத்திலிருந்து தெளித்து விழச் செய்தோ, ஒரு நாள் காற்றுக் குமிழி விட்டு வைத்தோதான் குளத்தில் சேர்க்க வேண்டும். குழாயில் வரும் குடிநீர் கடினம் குறைந்தது, ஆனால் குளோரின் கலந்தது. குளோரின் மீனின் செவுளையும் தாக்கும், நாம் பாடுபட்டு வளர்த்த நுண்ணுயிரையும் கொல்லும். மீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் தயோசல்பேட்டைக் கலந்த பிறகே அதைத் தொட்டிக்குள் விட வேண்டும். போர் தண்ணீரின் காரத்தன்மையால் ஒரு நன்மையும் உண்டு. அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அந்தக் காரத்தைச் செலவழித்தே வேலை செய்வதால், அது மிகுந்திருக்கும் குளத்தில் பி.எச். திடீரென்று சரிவதில்லை. அதனால்தான் குளத்துக்கு நான் போர் தண்ணீரையே பயன்படுத்துகிறேன்.

ஃபில்டரே இல்லாமல், தண்ணீரை மாற்றி மாற்றியே சமாளிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மேலே சொன்ன கணக்கிலேயே அதற்கு விடை இருக்கிறது. தினமும் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1,360 லிட்டரை இறைத்துப் புதுத் தண்ணீர் விட்டாலும், சுவரில் படியும் பாசி எடுத்துக்கொள்வது போக, அம்மோனியா லிட்டருக்கு ஒரு மில்லிகிராமை ஒட்டித்தான் நிலைபெறும். எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போர் போட்டும் தண்ணீர் வராமல் கைவிட்ட குடும்பங்கள் இருக்கும் ஊரில், வேடிக்கை பார்க்கும் மீனுக்காக நாளுக்கு ஆயிரம் லிட்டரைக் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபில்டர் வைத்தால் வாரத்துக்குப் பத்து சதவீதம் மாற்றினால் போதும், அந்த நீரையும் தென்னைக்கோ வாழைக்கோ விட்டுவிடலாம்.

நீருக்குள் மூழ்க வைக்கும் பெட்டி ஃபில்டர் அடுத்தது. மோட்டார், ஸ்பாஞ்ச், சில நேரம் ஒரு சிறு யு.வி. (புற ஊதா) விளக்கு, மேலே நீரூற்று எல்லாம் ஒரே பெட்டியில் வரும். ஆயிரம் லிட்டருக்குள் நான்கைந்து கப்பி மீனோ தங்கமீனோ உள்ள தொட்டிக்கு அது போதும். கோய் குளத்தில் இரண்டு நாளில் அடைத்துக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கையை விட்டு வெளியே எடுக்கும்போது பிடித்த அழுக்கில் பாதி திரும்பக் குளத்திலேயே கரையும். இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

பிரஷர் ஃபில்டர்தான் கடைகளில் முதலில் காட்டப்படுவது. மூடி போட்ட உருண்டை டப்பா, உள்ளே அடுக்கிய ஸ்பாஞ்சுகள், நடுவில் யு.வி. குழல், பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியைத் திருப்பினால் உள்ளிருக்கும் அழுக்கு ஒரு குழாய் வழியே வெளியேறும். இடம் குறைவாகப் பிடிக்கும், மண்ணில் பாதி புதைத்து மறைக்கலாம், அருவி உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றலாம். யு.வி. விளக்கு பச்சைத் தண்ணீரை ஓரிரு வாரத்தில் தெளிய வைப்பதும் உண்மை. இவ்வளவு நன்மைகள் இருந்தும் இதை நான் வேண்டாம் என்பதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, யு.வி. மிதக்கும் பாசியைக் கொல்லுமே தவிர அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. இரண்டாவது, நம் கடின நீரில் யு.வி. குழலைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியின்மேல், இட்லிப் பானையின் உட்புறத்தில் படிவதுபோல, வெள்ளையாகச் சுண்ணம் படிந்து ஒளியை மறைத்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை குழலையும் மாற்ற வேண்டும். மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அது மூடிய டப்பா. தண்ணீர் ஓடும்வரைதான் அதற்குள் ஆக்சிஜன். மின்சாரம் நின்றவுடன் உள்ளே நெருக்கமாக வாழும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை விரைவில் தீர்த்துவிடும், பிறகு அவை சாகத் தொடங்கும், அழுக்கு அழுகத் தொடங்கும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி மாலையில் மின்சாரம் விடும் நாளொன்றில், உறவினர் ஒருவர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கியது. அருவிக் கல்லின் மேல் முதலில் இறங்கிய நீர் மைக் கரைசல்போல் கறுத்திருந்தது. சாக்கடை வாடை முன்வாசல் வரை வந்தது. அந்த நீர் அப்படியே குளத்துக்குள் விழுந்தது, ஐந்து நிமிடத்தில் மீன்கள் எதிர்மூலையில் ஒதுங்கி வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றன. பிரஷர் ஃபில்டர் வைத்திருப்பவர்கள் நீண்ட மின்தடைக்குப் பிறகு அதன் கைப்பிடியைக் கழிவு வழிக்குத் திருப்பி, முதலில் வரும் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுத்தான் குளத்துக்கு இணைக்க வேண்டும். வேலைக்குப் போகும் வீட்டில் யார் அந்த நேரத்துக்கு இருப்பார்கள்?

இனி டிரம் ஃபில்டர். 200 லிட்டர் நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் இரண்டைக் குளத்தின் ஓரமாக வைத்து, குளத்தில் கிடக்கும் மோட்டார் முதல் டிரம்முக்குத் தண்ணீரை ஏற்றும்படியும், அங்கிருந்து வழிந்து இரண்டாவதுக்கும், அதிலிருந்து வழிந்து குளத்துக்கும் தானாகத் திரும்பும்படியும் அமைப்பது. முதல் டிரம்மில் உள்ளே வரும் குழாயை ஓர் எல்போ போட்டுச் சுவரை ஒட்டித் திருப்பிவிட்டால், தண்ணீர் மெதுவாகச் சுழன்று, கனமான அழுக்கு நடுவில் அடியில் போய்ப் படியும். டிரம்மின் அடிப்பக்கத்தில் டேங்க் கனெக்டர் போட்டு ஒன்றரை அங்குல கேட் வால்வு பொருத்த வேண்டும். மேல்பாதியில் நைலான் பிரஷ்களையோ முரட்டு ஸ்பாஞ்சையோ தொங்கவிடலாம். இரண்டாவது டிரம் நுண்ணுயிரின் வீடு. கே-1 என்று விற்கும் சிறிய பிளாஸ்டிக் சக்கரங்கள் ஐம்பது லிட்டர் போட்டு, அடியில் ஏர் பம்பின் குமிழி விடும் கல்லை வைத்தால், அவை கொதிக்கும் உலையில் அரிசி புரள்வதுபோல் ஓயாமல் புரண்டுகொண்டிருக்கும். அந்த ஐம்பது லிட்டருக்குள் மட்டும் இருபத்தைந்து சதுர மீட்டர் பரப்பு அடங்கியிருக்கிறது. கே-1 விலை அதிகம் என்று தோன்றினால், தண்ணீர் பாட்டில் மூடிகளையும் துண்டு துண்டாக நறுக்கிய மின்கம்பிக் குழாயையும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இடம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும்.

கிருஷ்ணகிரியில் கருங்கல் ஜல்லிக்குப் பஞ்சமில்லை என்பதால் ஜல்லியையே நிரப்பிவிடலாமே என்று மைத்துனர் கேட்டார். கருங்கல் தண்ணீரின் தன்மையை மாற்றாது, அந்த வகையில் தீங்கில்லை. ஆனால் ஒரே அளவு கொள்ளளவில் அதன் பரப்பு மிகவும் குறைவு. நூறு லிட்டர் ஜல்லி நூற்றைம்பது கிலோ எடை வரும், இடுக்குகளில் சேறு இறங்கி அடைத்தால் டிரம்மைச் சாய்க்கக்கூட முடியாது. டிரம்முக்குள் ஜல்லி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டிரம் ஃபில்டரில் எனக்குப் பிடித்தது, உள்ளே நடப்பது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது. சனிக்கிழமை காலையில் கேட் வால்வைத் திறந்தால் முதல் அரை நிமிடம் கஷாயம்போல் கெட்டியாக வரும், பிறகு வெளிறும், தெளிந்ததும் மூடிவிடலாம். நாற்பது, ஐம்பது லிட்டர்தான் செலவு. வாடை மண் வாடையாக இருந்தால் எல்லாம் நலம், அழுகிய முட்டை வாடை வந்தால் எங்கோ ஓட்டம் தடைபட்டிருக்கிறது. மூடிய டப்பாவைத் திறக்காமல் இது தெரியாது. மின்தடை நேரத்தில் மோட்டார் நின்றாலும், பத்துப் பதினைந்து வாட் இழுக்கும் ஏர் பம்பை மட்டும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டால், இரண்டாவது டிரம்மில் குமிழி நிற்காது, நுண்ணுயிரும் சாகாது. அதே பம்பிலிருந்து இன்னொரு கல்லைக் குளத்துக்குள் விட்டால் மீனுக்கும் மூச்சு கிடைக்கும். 30 டிகிரி நீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைத் தாங்காது. 20 டிகிரி நீர் 9 மில்லிகிராம் தாங்கும். வெயில் காலத்தில் கையிருப்பே குறைவு என்பதால் இந்தச் சிறு பம்பை நான் மோட்டாருக்கு நிகராக மதிக்கிறேன்.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. அழகாக இருக்காது, மூங்கில் தட்டியோ பூச்செடியோ வைத்து மறைக்க வேண்டும். டிரம்மில் கசிவு ஏற்பட்டாலோ, வெளியேறும் குழாயில் மாவிலை வந்து அடைத்தாலோ, மோட்டார் குளத்தையே தரையில் கொட்டிவிடும். அதனால் உள்ளே வரும் குழாய் ஒரு அங்குலம் என்றால் வெளியேறுவது மூன்று அங்குலமாக இருக்க வேண்டும். குளத்தில் மோட்டாரை அடிமட்டத்தில் போடாமல் ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தால், எந்த விபத்திலும் அந்த ஒன்றரை அடி நீர் மீனுக்கு மிஞ்சும். பழைய டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன ஏற்றினார்கள் என்று கேட்டு, உணவுப் பொருள் ஏற்றியது என்று உறுதியானால் மட்டுமே வாங்க வேண்டும். பூச்சிமருந்தோ அமிலமோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் அது மீனுக்கு ஆகாது.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் ஆண்டு, ஸ்பாஞ்சும் சக்கரங்களும் காபித்தூள் நிறத்தில் வழவழப்பாக இருப்பதைப் பார்த்து, அது அழுக்கு என்று நினைத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி வெளுக்கும்வரை கழுவிப் போட்டேன். அந்த வழவழப்புதான் நுண்ணுயிர்ப் படலம் என்பதும், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் மீன்கள் தீவனத்தைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் அம்மோனியா சோதனைக் குழாய் மஞ்சளாக இருப்பதற்குப் பதில் கரும்பச்சையாக மாறியது. தண்ணீரை மாற்றியும் ஐந்தில் இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. வெள்ளையில் சிவப்புத் திட்டு போட்ட குட்டி ஒன்று கையிலிருந்து தின்னப் பழகியிருந்தது, அது அந்த இரண்டில் ஒன்று. ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீர் நிரப்பிய வாளியில் மட்டுமே அலச வேண்டும், அதுவும் ஒரு வாரம் பாதி, மறு வாரம் பாதி. கே-1 சக்கரங்களை எப்போதும் கழுவவே வேண்டாம்.

ஷவர் ஃபில்டர் ஜப்பானிய வளர்ப்பாளர்கள் விரும்பும் முறை. துளையிட்ட தட்டுகளையோ காய்கறிக் கூடைகளையோ மூன்று நான்கு அடுக்காக வைத்து, அவற்றில் நுண்துளைக் கற்களையோ செங்கல் துண்டுகளையோ நிரப்பி, மேலிருந்து தண்ணீரைத் தெளித்து வடியவிடுவது. தண்ணீர் காற்றோடு கலந்தபடியே இறங்குவதால் ஆக்சிஜன் நிறையும், ஆவியாதலால் வெப்பமும் கொஞ்சம் தணியும். மின்தடையில் இதுதான் எல்லாவற்றையும் விடத் தாக்குப்பிடிக்கும்: மோட்டார் நின்றால் கற்கள் ஈரத்தோடு காற்றில் இருக்கும், ஈரம் காயாத பல மணி நேரத்துக்கு நுண்ணுயிர்களுக்கு மூச்சுத் திணறல் இல்லை, அழுகலும் இல்லை. நிழலில் வைத்துப் பக்கங்களை மூடிவிட்டால் மாலைவரைகூட ஈரம் நிற்கும். ஆனால் அழுக்கை இது நிறுத்தாது, முன்னால் ஒரு படிவு டிரம் கட்டாயம் வேண்டும். ஐந்தாறு அடி உயரத்துக்கு ஏற்ற வேண்டியிருப்பதால் பெரிய மோட்டார் தேவை, கோடையில் தெறித்தும் ஆவியாகியும் போகும் நீரை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இரவில் விடாமல் கேட்கும் நீரோசை எனக்கு இதம், பக்கத்து வீட்டாருக்கும் அப்படி இருக்குமா என்று கேட்டுவிட்டு வைப்பது நல்லது.

மின்செலவை ஒப்பிட்டுப் பார்க்கலாம். டிரம் அமைப்புக்கு 60 வாட் மோட்டார் போதும். இருபத்துநான்கு மணி நேரம் ஓடினால் நாளுக்கு 1.44 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் ஏறத்தாழ 86 யூனிட். ஷவருக்கு 100 வாட் என்றால் 144 யூனிட். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதலில் குறிப்பிட்ட யூனிட் வரை கட்டணமில்லை என்றாலும், வீட்டுச் செலவு அதை ஏற்கெனவே தாண்டியிருக்கும் என்பதால், குளத்தின் யூனிட்டுகள் மேல் அடுக்கில்தான் போய்ச் சேரும். பழைய கட்டண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு மோட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரவில் மோட்டாரை நிறுத்தி மிச்சப்படுத்தலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம், அது தினமும் எட்டு மணி நேர மின்தடையை நாமே உண்டாக்குவதாகும்.

மோட்டார் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் அளவு, உயரமே இல்லாதபோது வரும் அளவு. நான்கைந்து அடி ஏற்றினால் பல மோட்டார்களில் அது பாதியாகிவிடும். மைத்துனரின் 6,800 லிட்டர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது ஃபில்டர் வழியே சுற்றி வர வேண்டும், அதாவது மணிக்கு 3,400 லிட்டர். குழாய் முனையில் 15 லிட்டர் வாளியைப் பிடித்தால் பதினாறு நொடியில் நிரம்ப வேண்டும். முப்பது நொடி ஆனால் மோட்டார் போதவில்லை. கடைக்காரர் சொல்வதைவிட இந்த வாளியை நான் நம்புகிறேன்.

செடிப்படுகை முறையையும் விட்டுவிடக் கூடாது. குளத்தை ஒட்டி, அதன் பரப்பில் நான்கில் ஒரு பங்காவது உள்ள ஆழமற்ற தொட்டி கட்டி, அடியில் துளையிட்ட குழாயும் மேலே பொடிக்கூழாங்கல்லும் பரப்பி, தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு, கல்வாழை, வெட்டிவேர், சேம்பு போன்றவற்றை நடுவது. மற்ற ஃபில்டர்கள் நைட்ரேட்டோடு நின்றுவிடும். இது நைட்ரேட்டையும் வேர் வழியே உறிஞ்சி, பாசிக்கு உணவில்லாமல் செய்து, யு.வி. இல்லாமலேயே தண்ணீரைத் தெளிய வைக்கும். செடிகளைக் குளத்துக்குள்ளேயே நட்டால் கோய் இரண்டு நாளில் பிடுங்கிப் போட்டுவிடும், அதனால் தனிப் படுகை அவசியம். கல்லின் மேல்மட்டத்துக்குக் கீழேயே நீர் நின்றால் கொசுவும் வராது. எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஆனாலும் முதல் ஃபில்டராக நான் இதைச் சொல்லமாட்டேன். செடி வேரூன்றி வேலை செய்ய மாதங்கள் ஆகும், நேரடியாகக் குளத்துக் கழிவு போனால் சில ஆண்டுகளில் கல் அடைத்துக்கொள்ளும், அதைத் தோண்டி எடுத்துக் கழுவுவது இரண்டு ஆள் இரண்டு நாள் வேலை. டிரம் ஃபில்டர் நன்றாக ஓடத் தொடங்கிய பிறகு, அதிலிருந்து வெளியேறும் தெளிந்த நீரை இந்தப் படுகைக்குள் விட்டால் அந்தச் சிக்கல் வராது. தானாகச் சுழன்று கழுவிக்கொள்ளும் இயந்திர டிரம்களும், சிறு பிளாஸ்டிக் மணிகள் நிரப்பிய ஃபில்டர்களும் பெருங்குளங்களுக்கும் பண்ணைகளுக்கும் உரியவை; ஆறு மீனுக்கு அவை தேவையில்லை.

மைத்துனர் வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் இரண்டு டிரம் முறையையே முடிவு செய்தோம். டிரம், குழாய், வால்வு, மோட்டார், ஏர் பம்ப், சக்கரங்கள் எல்லாம் சேர்ந்தும், கடையில் அவருக்குக் காட்டிய பிரஷர் ஃபில்டரின் விலையை எட்டவில்லை. புது சிமென்ட் தொட்டி என்பதால், சுண்ணத்தின் காரம் இறங்குவதற்காக மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி, வாழைத்தண்டு வெட்டிப் போட்டு ஊறவிட்டு, இரண்டு முறை வடித்துக் கழுவினோம். பி.எச். போர் தண்ணீரின் அளவுக்கே வந்து நின்ற பிறகு ஃபில்டரை ஓடவிட்டோம். என் குளத்தின் ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டை ஈரத்தோடு வாளியில் எடுத்துப் போய் அவர் டிரம்முக்குள் போட்டேன், நுண்ணுயிர் பெருக அது உறைமோர் மாதிரி. இரண்டே குட்டிகளை முதலில் விட்டு, நாளுக்கு ஒரு சிட்டிகை தீவனம் போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை சோதித்துக் குறித்து வந்தார். இரண்டாம் வாரம் அம்மோனியா ஏறி இறங்கியது, அது இறங்கும்போது நைட்ரைட் ஏறியது. நைட்ரைட் ஏறிய நாட்களில் ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் ஏழு கிலோ அயோடின் சேர்க்காத கல்லுப்பைக் கரைத்துவிடச் சொன்னேன்; உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். ஐந்தாம் வார முடிவில் இரண்டும் சுழியத்துக்கு வந்தன. மேற்குப் பக்கத்துக்கு நிழல் வலை கட்டியாகிவிட்டது, மீன்கொத்தி வராமல் இருக்க மேலே ஒரு வலையும் போட்டிருக்கிறார். மீதி நான்கு மீனையும் ஒரே நாளில் விடாமல், வாரத்துக்கு இரண்டாக விடச் சொல்லியிருக்கிறேன்.